சுட்ட மண்ணில் ஒரு கட்டைவிரல்

எலிசபெத் அலறினாள்.

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

திருப்பாலைவனம் கல்யாண மண்டபத்தில் அன்று காலைதான் அந்தக் கண்காட்சியைத் திறந்திருந்தார்கள். ‘ஏரிக்கரையில் ஓர் ஆதி நாகரிகம்.’ பானைகள், மணிகள், எலும்பு ஊசிகள்... பசியாவரம் மீனவக் குப்பத்திலிருந்து எலிசபெத்தோடு பெண்கள் இருபது பேர் பார்க்க வந்திருந்தார்கள்.

பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஜமுனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். எலிசபெத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்.

தெரிந்த முகம்.

எட்டு மாதத்துக்கு முன் இவளுடைய புருஷன் சின்னப்பனைக் கொன்றதாக இவளுடைய தம்பி ஜான்சனைக் கைது செய்தவரே ஜமுனாதான். பிணம் கிடைக்கவில்லை. படகில் சின்னப்பனின் ரத்தம் மட்டும் கிடைத்தது. ஜான்சன் இன்னும் ஜெயிலில்.

“இன்னாம்மா ஆச்சு?”

எலிசபெத் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே வலையில் கட்டும் மண்குண்டுகள் ஏழு. பக்கத்தில் ஓர் அட்டை. ‘இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை.’

“இது என் வீட்டுக்காரரு செஞ்சது மேடம்.”

கண்காட்சி நடத்தும் நீலமேகம் சிரித்துக்கொண்டே வந்தார். கதர்ச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி.

“குண்டுன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். இது நானே தோண்டி எடுத்தது.”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். விரலு இருக்காதே சார். அவருதான் குண்டுக்குக் குண்டு கட்டைவிரல அழுத்தி வெப்பாரு.”

ஜமுனா குனிந்து பார்த்தார். ஒவ்வொரு குண்டிலும் ஈர மண்ணில் அழுத்திய கட்டைவிரல் பதிவு. அதன் குறுக்கே சாய்வாக ஒரு தழும்புக் கோடு. ஏழிலும் அதே கோடு.

“அவருக்கு இந்தத் தழும்பு இருந்துச்சா?”

“இல்ல மேடம்.”

நீலமேகம் கையை விரித்தார். “அப்புறம் இன்னா?”

“காணாமப் போனாரே... அன்னிக்குக் காலைல படகுல வெச்சி வலை அறுக்கும்போது கத்தி பட்டு கட்டைவிரலு கிழிஞ்சிடுச்சி. நான்தான் துணி சுத்துனேன். அந்த ரத்தம்தான் படகுலன்னு ஸ்டேஷன்ல வந்து சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல.”

ஜமுனாவின் முகம் சிறுத்தது.

எலிசபெத் கண்ணாடியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். “அப்ப பச்சைக் காயம் மேடம். இதுல ஆறிப்போன தழும்பு. அப்டின்னா இந்த மண்ண அவரு எப்பப் புடிச்சாரு?”

செத்த பிறகு!

ஜமுனா மெதுவாக நிமிர்ந்தார். “நீலமேகம் சார்... உங்க குடோன் எங்க?”

நீலமேகத்தின் நெற்றி வியர்த்தது. கண் மண்டபத்தின் பின்வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சூளைப் புகை வாசனை. கதவு சாத்தியிருந்தது. எலிசபெத் கதவையே பார்த்தாள். எட்டு மாதமாய் அடைத்து வைத்திருக்கிறார்களா... சோறு போட்டார்களா?

ஜமுனா கதவைத் தட்டினார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். உள்பக்கத்திலிருந்து!

“டீ கொண்டார இவ்ளோ நேரமாண்ணே?” என்றபடி கதவைத் திறந்தான் சின்னப்பன். கையெல்லாம் மண். முன்பைவிடச் சதை போட்டிருந்தான்.

எலிசபெத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான்.

“உன்ன யாரும் கட்டி வெக்கலியா?” என்றாள் அவள்.

“ஏரில இறங்கி கையால எறா தடவுற பொழப்பு வெறுத்துப்போச்சி எலிசு. மச்சான்கிட்டயும் சண்ட. கோட்டைக்குப்பத்துல இறங்கி அப்டியே இந்த அண்ணன்கிட்ட மண்ணு புடிக்கற வேலைக்கு வந்துட்டேன். அவன் உள்ள போவான்னு நான் நினைக்கல.”

“போயிட்டான்னு தெரியுமா?”

சின்னப்பன் தரையைப் பார்த்தான்.

“பேப்பர்ல பார்த்தேன்.”

எலிசபெத் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலைப் பார்த்தாள். தழும்பு நன்றாகவே ஆறியிருந்தது. கையை விட்டுவிட்டாள். தன் விரலில் ஒட்டிய மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அழவில்லை.

“மேடம்... என் தம்பிய எப்ப விடுவீங்க?”

ஜமுனாவால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. நீலமேகத்தை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, சின்னப்பனின் தோளில் கை வைத்தார்.

“இன்னிக்கே கோர்ட்டுக்கு எழுதறேம்மா. ஜெயில்ல அவன் இடம் காலியாயிடுமேன்னு மட்டும் கவலப்படாத... ஆள் ரெடியா இருக்கு.”