வெறும் வானத்தில் ஒரு கோடு

வெறும் வானத்தில் கோடு இருக்கக் கூடாது.

நோஹெயா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பால்வீதியின் நடுவில் சுழலும் வாயுவின் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்தால் திரையில் ஒரு கோடு எழும். பிறகு தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி, ஒன்றுமே இல்லாத வானத்தைப் பதிந்து, அதைக் கழிக்க வேண்டும். ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையுச்சியில் வருடக்கணக்காக அவள் செய்யும் வேலை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இன்று அதே கோடு நின்றது. வெளியே வெயில் ஏறியிருக்கும்; அகச்சிவப்புக்குப் பகலும் தடையில்லை. சன்னலில்லாத இந்த அறைக்குள் ஆறிய காப்பியின் புளித்த வாசனையும், சுவருக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோல் குளிர்பம்பு தட்டும் ஓசையும்தான்.

"கூரைய மூடிப் பாத்தியா?" என்றான் கிமோ, வாய் நிறைய முசுபிச் சோற்றுருண்டையோடு. அவள் தம்பி, அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே சொந்தம்.

"மூடிட்டேன்டா. அப்பவும் இருக்கு."

"அப்ப உன் பால்வீதி உள்ளயே வந்துருச்சு! இந்த ஒசரத்துல காத்து பத்தாம உனக்கு மூளை கழண்டுருச்சுக்கா. இரு, பாத்துட்டு வரேன்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். கேலி செய்வான் என்று விட்டுவிட்டாள்.

பாதி தின்ற முசுபியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இரும்புப் படிகள் அதிர்ந்தன. மேலே தொலைநோக்கிக் கூடத்தின் கதவு முனகியது. அந்தத் தொலைநோக்கிக்கு மனித உடம்பின் சூடே விளக்குபோலத் தெரியும். அவன் அதன் முன்னால் போய் நின்றதும் திரையில் ஒரு மேடு எழுந்தது. அதுதான் கிமோ. அவளுக்கு உயிர் வந்தது.

கோடு சட்டென்று மறைந்தது.

படிகள் அதிர்ந்தன. கதவு திறந்தது. கிமோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல," என்றான்.

அவள் முசுபியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தொடவில்லை. அது என்னவென்றே தெரியாதவன்போல் பார்த்தான்.

அவள் திரையைப் பார்த்தாள்.

மேடு அப்படியே இருந்தது.

ஓர் ஆளின் சூடு. மேலே. அசையாமல்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு இறங்கத் தொடங்கியது. மெல்ல. அடுப்பணைத்த சட்டிபோல.

"வேணும்னா நீயும் மேல வந்து பாரேன்," என்றது கிமோவின் குரல்.

தோளில் ஒரு கை விழுந்தது. தடித்த கம்பளிச் சட்டையைத் தாண்டிக் குளிர் எலும்பில் இறங்கியது. அவள் திரும்பவில்லை.

திரையில் அவள் தம்பி ஆறிக்கொண்டிருந்தான்.