முனீப் கையெடுக்கவில்லை

மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு நான் தேவாலய வாசலுக்கு வந்தபோது உள்ளே ஓர்கன் வாசிப்புக் கேட்டது. கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். முனீப் இறந்த பிறகு ஓர்கனுக்குக் காற்றுத் துருத்தி அடிக்க ஆளில்லாமல், என் கணவர் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். வீட்டில் சோறும் இறங்காது, கதை பேச்சும் கிடையாது. சரி, மனுஷன் யாரையோ பிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஊருக்குள் திரிந்து, வழக்கமாக வாசல் நிழலில் படுத்திருக்கும் மான்கள், அன்று வீதிக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற வெயிலில் நின்றன. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

என் கணவர் எட்வின் பாக்கியரத்தினம். திருகோணமலையில் ஓர்கன் மாஸ்டர் என்றால் அவர்தான். அவர் இசையமைத்த வேதாகமச் சங்கீதங்களை மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பாடுகிறார்கள். ஜெர்மனியில்கூட ஒரு பெரிய தேவாலயத்தில் அவருடைய உருப்படி ஒன்றை வாசித்தார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், சாப்பிடுகிற கையோடு எழும்பிப்போய் அந்தச் சுருதியைப் பிடித்துப் பார்க்கிற ஆள். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்த சைவக்காரி நான். இவரைக் கட்டி, கப்பலையும் ஓர்கனையும் சக்களத்திகளாக வைத்துக் குடும்பம் நடத்துகிறேன் என்று எல்லோரிடமும் பகிடி விடுவேன்.

அந்த ஓர்கன் பழையது. காற்று ஊதுகிற மோட்டர் எப்போதோ செத்துப்போனது. பின்னால் ஒரு சின்னப் பலகை அறை. அதற்குள் நின்று ஒருவர் கைப்பிடியை ஏற்றி இறக்கித் துருத்தி அடித்தால்தான் குழாய்களுக்குக் காற்றுப் போகும். உள்ளே நிற்பவருக்கு வாசிப்பவர் கண்ணில் படமாட்டார். அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாசித்து முடிந்ததும் மாஸ்டர் பலகையில் இரண்டு தரம் தட்டுவார். தட்டும்வரை துருத்திக்காரர் கையெடுக்கக் கூடாது.

கிண்ணியா ஊர் முனீப் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். "மாஸ்டர் தட்டாம நான் கையெடுக்க மாட்டன்" என்று பெருமையாகச் சொல்வார். ஒருநாள் என் கணவர் புதிய உருப்படியின் முடிவு பிடிபடாமல், கட்டைகளை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக் குறைந்தது. "முனீப், காத்து!" என்று கத்தினார். மறுபடியும் கத்தினார். பிறகுதான் எழும்பிப்போய்ப் பார்த்தார். முனீப் சரிந்து கிடந்தார். உயிரில்லை. விரல்கள் மட்டும் கைப்பிடியை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

உருப்படி முடியவில்லை. அதனால் என் கணவர் அன்று தட்டவும் இல்லை.

சோற்றுப் பொட்டலத்தோடு தேவாலயத்துக்குள் போனேன். வௌவால் எச்சத்தின் நாற்றத்தோடு இன்னொரு வாசமும் வந்தது. பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீத் தேநீர். அது முனீப்பின் வாசம்.

"ஆரப்பா பின்னால?"

என் கணவர் திரும்பவில்லை. "சத்தம் போடாதை, சிவா."

"ஆரெண்டு கேக்கிறன்."

"அவன்தான்."

நான் பின்பக்கம் போய்ப் பலகைக் கதவைத் திறந்தேன். கைப்பிடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறும்போது கிரீச். இறங்கும்போது தொப்.

ஆளில்லை.

ஆணியில் முனீப்பின் துவாய் தொங்கியது. அதன் நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

நான் ஓடிவந்து கணவரின் தோளைப் பிடித்தேன். சட்டை ஈரம், உடம்பு குளிர். முகம் சாம்பல் நிறம்.

"காலமை நெஞ்சுக்குள்ள குத்திச்சுது, சிவா. கண் இருண்டு போச்சு. அவ்வளவுதான் எண்டு நினைச்சனான். அப்பதான் பின்னால துருத்தி அடிக்கத் தொடங்கிச்சு."

"எழும்புங்கோ, ஆசுபத்திரிக்குப் போவம். தட்டி அவரை அனுப்புங்கோ!"

"முடிவு வரேல்லை. தட்டினா…" அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "தட்டினா காத்து நிண்டிடும்."

அப்படியே கட்டைகளின் மேல் சரிந்தார். குழாய்கள் எல்லாம் ஒன்றாக அலறின. அந்த அலறலை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பலகையில் தட்டக் கையை ஓங்கினேன். மற்றக் கை அவர் மூக்கடியில் இருந்தது.

கிரீச். மூச்சு உள்ளே போனது.

தொப். வெளியே வந்தது.

ஓங்கிய கையை இழுத்துக்கொண்டேன்.

துருத்தி தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்க, அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, இந்த இருதயத்தோட ஒராள் இருக்க ஏலாது. ஆனா மூச்சு வருது. எனக்கு விளங்கேல்லை." வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவருக்குக் கதைக்க முடியாது. கண் மட்டும் என்னையே பார்க்கும். வலது கை விரல் மெத்தையில் இரண்டு தரம் தட்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு தரம். பஞ்சில் சத்தம் வராது.

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கட்டில் சட்டத்துக்கு எட்டாதபடி அவர் கையைப் போர்வைக்குள் வைத்துச் சுற்றினேன். பாவம்தான். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. எனக்கு அவர் வேண்டும். அயலவர்களிடம், கதவைத் தட்டாமல் வெளியில் நின்று கூப்பிடுங்கோ என்று கெஞ்சினேன். விசரி என்று நினைத்திருப்பார்கள்.

இன்று காலை மூச்சு பிந்தி வரத் தொடங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். பிறகு விளங்கியது.

முனீப் களைத்துவிட்டார்.

என் தம்பியின் மகள் தேனுகாவை அவர் பக்கத்தில் இருத்திவிட்டு ஓட்டோ பிடித்துத் தேவாலயத்துக்கு ஓடினேன். பலகை அறைக்குள் கைப்பிடி நடுங்கி நடுங்கி ஏறியது.

"முனீப் தம்பி, நானும் பிடிக்கிறன்."

மரம் சூடாக இருந்தது. யாருடையதோ வியர்வை என் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. இழுத்தேன். பாரத்தில் பாதிதான் எனக்கு. மறு பாதியைப் பக்கத்தில் வேறு கை இழுத்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேனுகாவைக் கேட்டேன்.

"மாமி, மாமா இப்ப நல்லா மூச்சு விடுறார்!"

போனைக் கீழே வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க மாறி மாறி அடிப்பம், தம்பி. விட்டிடாதைங்கோ" என்றேன்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம், வாசிப்பவர் இருக்கும் வாங்கு முனகியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

ஓர்கன் ஒலிக்கத் தொடங்கியது. அந்தப் புதிய உருப்படிதான். வழக்கமாக நின்றுபோகும் இடத்தையும் தாண்டிப் போனது. துறைமுகத்துக் கப்பல் ஊதுகிற சுருதிக்கு மெல்ல இறங்கி வந்து, அங்கே நின்றது. இவ்வளவு நாளும் அவர் தேடிய முடிவு அது. அவ்வளவு அழகாக இருந்தது. கைப்பிடியை விடாமல் கத்தினேன்.

"வேண்டாமப்பா! என்னை விட்டிட்டுப் போகாதைங்கோ!"

டொக்.

"தட்டாதைங்கோ!"

டொக்.

இஞ்சி வாசம் என்னைக் கடந்து வெளியே போனது. கைப்பிடியின் முழுப் பாரமும் என் கையில் விழுந்தது.

போன் அடிக்கிறது. தேனுகாதான். நான் எடுக்கவில்லை. அந்தத் தட்டு முனீப்புக்கு. எனக்கில்லை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலிக்கிறது, இருந்தாலும் இழுக்கிறேன்.

வாசிப்பு நின்றுவிட்டது. ஆனால் நான் கைப்பிடியை ஏற்றும்போதெல்லாம், பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்செடுக்கிறார்.