வெள்ளைச் சுவரும் சிவந்தியின் முகமும்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, திருவொற்றியூரில் ஒரு சனிக்கிழமை. அன்றைய வெயிலில் காக்கைகள் பறக்கத் தெம்பில்லாமல் மைதானத்தில் வரிசையாக நடந்து போயின. பொய்யில்லை, எண்ணினால் பதினேழு.

ஐந்தாம் வகுப்பு முழுவதும் வெள்ளைச் சீருடையில், வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு மணி நேரமாக நின்றது. படம் பிடிக்க வந்தவர் எபினேசர். கையில் புது டிஜிட்டல் கேமரா. எட்டு முறை எடுத்தார். எட்டிலும் சுவர் சாம்பல் நிறம், முகங்கள் இருட்டு.

“சிவந்தி, பல்லைக் காட்டு! அப்பத்தான் நீ கீறது தெரியும்” என்றான் ரகுபதி.

சிவந்தி வரிசையை விட்டு நகர்ந்தாள். போன வருஷப் படத்திலும் அவளுடைய பல் மட்டும்தான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு முடிகிற இந்தப் பள்ளியில் இதுதான் கடைசிப் படம்.

“நான் வரலடீ. வூட்டுக்குப் போறேன்” என்றாள் தோழி எழில்மொழியிடம்.

“கொஞ்சம் இருடீ.” எழில்மொழி எபினேசரிடம் போனாள். “இன்னா சார், உங்க கேமராவுக்குக் கண்ணு கூசுதா?”

எபினேசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அதாம்மா பேஜாரு. எல்லாம் வெள்ளையா கீதா, வெளிச்சம் ஜாஸ்தின்னு தானாவே கொறச்சிடுது. நானா குத்துமதிப்பா வச்சா வெளுத்துப் பூடும். முன்னெல்லாம் தனியா ஒரு மீட்டர் வச்சிருந்தேன். முகத்தாண்ட புடிச்சா, வெளிச்சம் எவ்ளோ வுழுதுன்னு கரெக்டா சொல்லும். டிஜிட்டல் வந்துடுச்சே, இனிமே அது எதுக்குன்னு வூட்ல போட்டுட்டேன்.”

“அப்போ வெள்ளையும் இல்லாம, கறுப்பும் இல்லாம ஒண்ணைக் காட்டினா ஏமாறாதுல்ல?”

“ஏமாறாது. அதுக்கு இப்போ எங்க போறது?”

எழில்மொழி பையிலிருந்து கணக்கு நோட்டை உருவினாள். பிரவுன் ஷீட் அட்டை போட்ட நோட்டு. சிவந்தியை இழுத்து வந்து, அவள் முகத்தருகே அதைப் பிடித்தாள்.

எபினேசர் எழுந்தார். கேமராவில் நோட்டு மட்டுமே தெரியும்படி நெருங்கிப் பார்த்தார். அது காட்டிய அளவை மாறாமல் நிறுத்திவைத்தார். இருவரையும் வரிசையில் நிற்கவைத்து, பின்னால் போய் ஒரே ஒரு ‘கிளிக்’.

எல்லோரும் கேமராவின் சின்னத் திரையை மொய்த்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. முகங்கள் முகங்களாக இருந்தன.

“ஐ! என் கன்னத்து மச்சம்கூடத் தெரியுது!” என்றாள் சிவந்தி.

“திங்கக்கெழமையிலேர்ந்து மீட்டரும் பையில வந்துடும்” என்ற எபினேசர், திரையை இன்னொரு முறை பார்த்தார். முகம் சுருங்கியது. “ஆனா இன்னாத்துக்குடா எல்லாம் வாயைப் பொளந்துகினு கீறீங்க? இன்னொண்ணு எடுத்துடலாமா?”

“வேணாம்ம்ம்!” என்று அலறியது வகுப்பு. கூடவே நின்ற வகுப்பாசிரியை ஐரீன் டீச்சரின் குரல்தான் அதில் உரக்கக் கேட்டது.

தலைமையாசிரியர் அறையில் அந்தப் படத்தைத்தான் மாட்டினார்கள். ரகுபதியின் வாய்க்குள் ஒரு மீன்பாடி வண்டியை நிறுத்தலாம். மொத்தம் முப்பத்தொன்பது கொட்டாவிகள். நடுவில், பளிச்சென்று, சிவந்தியின் சிரிப்பு.