பதினொரு முழம் மல்லிகை

விடிந்தும் விடியாததுமாக ஆறுமுகத்தாய் தகரப்பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு கத்தினாள்.

“ஏலே பெருமாளு! இங்கன வந்து பாரு, ஒம் பொண்டாட்டி செஞ்சு வச்சிருக்க காரியத்த!”

தச்சநல்லூரில் அந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் ஒருவர் கத்தினால் தெருவுக்கே கேட்கும். அடுப்படியில் இருந்த முத்துராணி ஓடிவந்தாள். அந்தப் பெட்டியில் அவளுடைய பிள்ளையின் துணிகள் இருந்தன. ஒன்பதே நாள் உயிரோடிருந்த பிள்ளை.

துணிக்குள் சுருட்டி வைத்திருந்த மல்லிகைச் சரங்களை மாமியார் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் எறிந்தாள். மொத்தம் பதினொன்று. எல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தன. ஆனால் ஒரு பூகூட நசுங்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பிள்ளையைப் புதைத்த மறுநாளிலிருந்து ஆறுமுகத்தாய் தினம் ஒரு முழம் வாங்கிக் கொடுத்து வந்தாள். அப்படியும் மருமகளின் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. அந்தச் சந்தேகத்தில்தான் இன்று பெட்டியைக் கிண்டியிருக்கிறாள்.

“மாரோட கட்டுன பூவுன்னா நசுங்கி நாறிப் போயிருக்கும். இது சரம் குலையாம கெடக்கு! ஒரு நாளும் கட்டலையேட்டி நீ! பிள்ளையக் கொன்ன பால யாருக்குட்டி தேக்கி வச்சிருக்கே?”

பிள்ளையைக் கொன்ற பால்… பன்னிரண்டு நாளாக இதே பேச்சுதான். இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னார். யார் நம்பினார்கள்? “படுத்துக்கிட்டே பால் குடுத்தா, பொரையேறிப் போச்சு” என்று துட்டி விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஆறுமுகத்தாய் சொன்னாள். பெற்றவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததால் அதுவே உண்மையாகிவிட்டது!

அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் பெருமாள்ராஜ், வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே நின்றான். “தெனமும் ஊசி போடணும்னு பெரியாஸ்பத்திரிக்குப் போறியே… என்ன ஊசி அது? சீட்டக் காட்டு.”

“ஊசி இல்ல.” முத்துராணி தலையை நிமிர்த்தவில்லை. “பால் குடுக்கப் போறேன். அங்கன தாய்ப்பால் வங்கின்னு ஒண்ணு இருக்கு. கொறமாசத்துல பெறந்த பிள்ளையளுக்குக் குடுப்பாவ.”

ஆறுமுகத்தாய் நெற்றியில் அறைந்துகொண்டாள். “அடிப்பாவி! அந்தப் பாலையா ஊரான் பிள்ளைக்குக் குடுக்கே? நட! நானே வந்து நர்சம்மாட்ட சொல்லுதேன்… இந்தப் பால வாங்காதீயன்னு!”

பேருந்தில் முத்துராணிக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. தன் பால் விஷமில்லை என்று அவளுக்கு நம்பிக்கை கொடுத்த ஒரே இடம் அது. அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்…?

பால் வங்கியில் நர்ஸ் பிரேமலதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஆச்சி, ரத்தம் சோதிச்சுப் பாத்துத்தான் பாலே வாங்குதோம். ஒங்க பேரனுக்குப் பெறவியிலயே நெஞ்சுல ஓட்டை. பொரையும் ஏறல, ஒண்ணும் ஏறல. இப்படி வாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் பெட்டிகளுக்குள், சாண் நீளத்தில் பிள்ளைகள் கிடந்தன. ஒன்றின் கை ஆறுமுகத்தாயின் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்ற ஓர் இளம்பெண் திரும்பினாள். கழுத்தில் கிடந்த அட்டையில் நிலோஃபர் என்று எழுதியிருந்தது.

“மூணாவது பொட்டில கெடக்கது எம் புள்ள ஆச்சி. தொள்ளாயிரம் கிராமுல பொறந்துச்சு, எனக்குப் பால் ஊறல. எந்தத் தாய் குடுக்குற பாலோ… கேட்டாச் சொல்ல மாட்டேங்காங்க. இன்னைக்கு ஆயிரத்தி நூறு கிராம்! அஞ்சு வேளைத் தொழுகையிலயும் அவளுக்குத்தான் துவா கேக்கேன்.”

இரண்டடி தள்ளி நின்ற முத்துராணியின் காதில் அது விழுந்தது. அவள் முந்தானையை மட்டும் மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் சுவரைப் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ராணி… பிள்ள பெறந்த அன்னைக்கு… பாலத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு இங்கன படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நான் கேக்கலையே! நம்ம வழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுன்னு, சீனித்தண்ணியில வெரல முக்கி நாக்குல சேனை வச்சிட்டேன்… ஒருத்தருக்கும் தெரியாம. பிள்ள போனதும் என்னாலதான்னு பயந்துட்டேன் தாயி. அதான்… அதான் பழியத் தூக்கி ஒம் பால் மேல போட்டேன்!”

“தெரியும் அத்தை.”

“என்னது?”

“கண்ண மூடித்தான் கெடந்தேன். தூங்கல.”

“தெரிஞ்சுமா… இத்தன பேச்சையும் வாங்குன? அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி?”

“சொன்னா, அவிய ஒங்க மொகத்துலயே முழிக்க மாட்டாவ. எம் பிள்ளதான் போயிட்டு… ஒங்க பிள்ளையும் ஒங்களுக்கு இல்லாமப் போணுமா?”

ஆறுமுகத்தாய் மருமகளின் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். முத்துராணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். “பாலும் இல்ல, சேனையும் இல்ல அத்தை… அவன் கொண்டு வந்த நாள் அவ்வளவுதான்.” பிள்ளை செத்த அன்று வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அன்று மாலை ஆறுமுகத்தாயே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாயைத் திட்டவில்லை. தரையில் கிடந்த சரங்களைப் பொறுக்கி, பிள்ளையின் துணியோடு பெட்டியில் வைத்து மூடினான். மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு அன்று வரவில்லை.

மறுநாள் காலை வீட்டில் மல்லிகை வாசம் இல்லை. பூண்டு வதங்கும் மணத்தில்தான் முத்துராணி எழுந்தாள். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் தயாராக இருந்தன. பால் கொடுக்கிறவளுக்கு வைக்கும் பத்தியச் சாப்பாடு! பிள்ளை போன நாளிலிருந்து இதை அவளுக்கு யாரும் வைக்கவில்லை.

வடித்த சோற்றில் முதல் அகப்பையை முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் வைக்காமல் ஆறுமுகத்தாய் ஒருவருக்கும் பரிமாறியதில்லை. இன்று அதை நேராக மருமகளின் தட்டில் போட்டாள்.

முத்துராணி பதறிப்போனாள். “அத்தை… சாமிக்கு வைக்கல்லியா?”

“வச்சாச்சுலா,” என்றாள் ஆறுமுகத்தாய். “தின்னுட்டுக் கெளம்பு தாயி. பிள்ளையள் பசியோட கெடக்கும்.”