நாற்பத்தொரு பக்க வீடு

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு திருகாணி நின்றுகொண்டிருந்தது. கிடந்திருந்தால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். தலை கீழே, முனை மேலே, யாரோ பார்த்துப் பார்த்து வைத்தது போல நின்றது. எடுத்துப் பார்த்தான். தலையில் 41 என்று பொறித்திருந்தது. கூரை முகட்டின் கடைசித் தகட்டுக்கு உரியது அது. வீடு முடிந்த அன்று ஏணியில் ஏறி அவனே முறுக்கியது.

அந்த வீடு லாரியில் வந்த வீடு. முப்பத்தாறு பெட்டிகள், நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம், பலகையிலும் திருகாணியிலும் அதை மாட்ட வேண்டிய பக்கத்தின் எண். பக்கத்துக்கு ஒரு வேலை. அவன் வாசிப்பான், மனைவியின் அண்ணன் மாட்டுவார், முடிந்ததும் அவன் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பான். மச்சான் லாரி மெக்கானிக். எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கில் கிரீஸ் போகாத மனிதர். அவனோ கோப்புகளோடு மட்டுமே மல்லுக்கட்டிய குமாஸ்தா. "நீங்க படிங்க மாப்ள, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார்.

ஆபீஸில் அவன் இந்த வீட்டைப் பற்றி அளக்காத நாளில்லை. பாதிச் செலவு, மூன்றே மாதம், மேஸ்திரியின் கையைக் காலைப் பிடிக்க வேண்டாம். விலையாக என்ன போனது என்று யாரும் கேட்கவில்லை. பாதி வேலையில் மேற்குச் சுவர் சாய்ந்து மச்சான் செத்ததும், மீதியை இரண்டு கூலியாட்களோடு அவனே மாட்டி முடித்தான். அதை விபத்து என்று ஊர் நம்பியது. முட்டுக் கம்பை அவரே அவசரப்பட்டு எடுத்துவிட்டார் என்று அவன் சொன்னதை மனைவியும் நம்பினாள். நம்பியதால்தான் இன்னும் அவனோடு இருக்கிறாள். அவளும் போய்விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

திருகாணியை மறுபடி மாட்டினான். மறுநாள் மேசையில் இரண்டு நின்றன: 41, 40. புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். கடைசி இரண்டு பக்கங்களில் டிக் இல்லை. அழித்த தடமும் இல்லை. பென்சிலே படாத காகிதம் போல வழவழப்பாக இருந்தது.

அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தது. சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் நேரத்தில், மேலே எங்கோ, மரத்துக்குள்ளிருந்து, காய்ந்த கதவைப் பொறுமையாகத் திறப்பது போல ஒரு கிரீச், ஒரு இடைவெளி, இன்னொரு கிரீச் என்று ஒரே சீராகக் கேட்டது. கூடவே புதுமரத்தின் வாசனையை அமுக்கிக்கொண்டு கிரீஸ் நாற்றம் இறங்கியது. 39. 38. 37. திரும்ப மாட்டினால் துளை பிடிக்கவில்லை. ஸ்க்ரூட்ரைவர் சும்மா சுற்றியது.

"என்னங்க, கூரை இறங்கின மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"புது மரம். வெயிலுக்குச் சுருங்கும்."

"அண்ணன் நிறுத்தின சுவர் மேலதானே இருக்கு? இறங்காதே."

வீட்டை விட்டுப் போகலாம் என்றால் ஏன் என்று கேட்பாள். காரணம் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

மேற்குச் சுவரை நிமிர்த்தும் பக்கம் அது. முப்பதாம் பக்கம் முடியும்வரை முட்டுகளை எடுக்காதே என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஒரு கம்பு குறைந்தது. குளியலறைச் சுவரை அன்றைக்கே நிறுத்திவிட அவனுக்கு அவசரம். மேற்குச் சுவரின் முட்டை உருவிக்கொண்டு, "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கங்க மச்சான், வந்துடறேன்" என்று போனான். போன் வந்தது. ஆபீஸ் நண்பனிடம் வீட்டுப் பெருமை பேச ஆரம்பித்தான். "மாப்ள" என்று கேட்டது. பிறகும் கேட்டது. மூன்றாவது தடவை குரல் மெலிந்திருந்தது. கொஞ்சம் பிடிக்கட்டுமே, தேய்ந்தா போய்விடுவார் என்று நினைத்தான். அதை நினைத்தபோது அவன் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

சனிக்கிழமை மதியம் மேசையில் இடமில்லை. ஜன்னல் கண்ணாடி தானே கழன்று தரையில் சாய்ந்து நின்றது. கூரைத் தகடுகளின் நடுவே வெயில் கோடு கோடாக விழுந்தது. எல்லாம் திருகாணி இல்லாமல், சும்மா, ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. 20. 19. 18. கண்ணெதிரிலேயே வந்து நின்றன.

பையை எடுத்தான். மனைவியைத் தேடினான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் நாற்காலி போட்டு, புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பு. எங்கயாவது போயிடலாம்."

கிரீச்.

மேற்குச் சுவர் அவன்மேல் சாய்ந்தது.

இரண்டு கையாலும் தாங்கினான். கால் வழுக்கியது. ஊன்றினான். விட்டால் போச்சு.

"அந்த முட்டுக் கம்பை எடுத்துட்டு வா. உன் காலடியில கிடக்கு பாரு. சீக்கிரம்."

அவள் கம்பைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"என்ன பேசற நீ?"

"மூணு தடவைன்னு சொல்றாரு."

தோள் நடுங்கியது. பொய் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஆமா" என்றான்.

அவள் தலையசைத்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

பலகை சூடானது. அவன் உள்ளங்கைகளுக்கு நேராக, அந்தப் பக்கம், இரண்டு அகலமான கைகள். பத்து விரல்களையும் எண்ண முடிந்தது. ஜன்னல் வழியே பார்த்தான். சுவருக்கு வெளியே யாரும் இல்லை. மனைவி மட்டும்.

முழங்கை மடங்கியது. ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம்.

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள், ஒருவர் நன்றாகக் காலை ஊன்றித் தள்ள இடம் விட்டு.