மாடியில் மாயமான அலாரம்

காலை மணி 10.10. மாடி நடையின் கூரையை அண்ணாந்து பார்த்த நகராட்சி ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கி, கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"புகை அலாரம் எங்கேம்மா? அது இல்லாம சான்றிதழ் தர முடியாது. மூணு மணிக்குள்ள மாட்டிட்டுக் கூப்பிடுங்க."

கீழே சக்கர நாற்காலியில் இருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நாலு மணிக்குப் பத்திரப் பதிவு. நகராட்சிச் சான்றிதழ் இல்லாமல் வீட்டை விற்க முடியாது. விற்காவிட்டால், அவள் பார்த்து வைத்த தரைத்தள வீடு கைநழுவிப் போகும். அவள் மாடி ஏறி எட்டு மாதமாகிறது.

"போன வாரம்கூட பேட்டரி தீர்ந்து கீச்சு கீச்சுன்னு கத்துச்சேடி! கொழுந்தன்தான் மாத்திட்டுப் போனார்" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கையிடம்.

தங்கை கடிகாரம் பழுதுபார்ப்பவள். எள்ளளவு திருகாணியையும் தவறவிடாத கண். வீட்டில் அவளுக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'. மேலே போனாள். நேற்றுதான் பெயின்டர் வேலையை முடித்திருந்தார். கூரை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பால்வெள்ளை. ஏணி வைத்து ஏறி, விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

10.40. கூடத்தில் வீட்டுத் தரகரும் கொழுந்தனும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அலாரத்தைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" தங்கை கேட்டாள்.

"இன்னைக்கு ஒன்பது மணிக்கு" என்றார் தரகர். "சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது. அப்புறம் மாடிக்குப் போனது இவர் ஒருத்தர்தான்."

"நான் கட்டிலை இறக்கப் போனேன்!" கொழுந்தன் எகிறினார். "அப்பா கட்டின வீட்டை விக்காதீங்கன்னு சண்டை போட்டேன், வாஸ்தவம். அதுக்காகத் திருடுவேனா?"

"தரகரே, உங்ககிட்ட ஒரு சாவி இருக்கில்ல?"

"இருக்கு. முந்தாநாள் அளவெடுக்க வந்தேன்."

தங்கை பெயின்டருக்குப் போன் போட்டாள். அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது: "அலாரமா? நான் பார்க்கலையேம்மா. ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. பட்டி வெச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சுட்டேன்."

போனை வைத்தாள்.

"இன்னைக்குக் காலைல அலாரம் இருந்திருந்தா, கழட்டின இடத்துல ஓட்டையாவது தெரியணும். மேல ஒரு கீறல்கூட இல்லை. நேத்து பெயின்டர் வர்றதுக்கு முன்னாடியே அது போயாச்சு. இல்லாத லைட்டு உங்களுக்கு மட்டும் எப்படிங்க மினுக்குச்சு?"

தரகர் கார்ச்சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"முந்தாநாள் கழட்டினது நீங்க. பழியை இவர் தலையில போடத்தான் 'இன்னைக்குப் பார்த்தேன்'னு அளந்தீங்க. எதுக்கு?"

"என் மச்சானுக்கு இந்த வீட்டு மேல ஒரு கண்ணு... இன்னைக்கு விற்பனை தட்டிப்போனா அவனுக்கு முடிச்சுடலாம்னு..."

"அலாரம்?"

"கார்ல இருக்கு."

கொழுந்தன் தரகரின் கையிலிருந்த கார்ச்சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஏணி போட்டு அவரே மாட்டினார்.

பிற்பகல் 2.20. ஆய்வாளர் பொத்தானை அழுத்தினார். அலாரம் வீடே அதிரும்படி அலறியது. கீழே அக்கா கைதட்டிய ஓசை மாடிவரை கேட்டது.

4.15. பதிவு அலுவலகத்தில் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு, அக்கா கையெழுத்தைப் போட்டாள். கொழுந்தன் நாற்காலியை வெளியே தள்ளி வந்தார்.

"அண்ணி, நேரா புது வீட்டுக்கே போயிடலாமா?"

"தள்ளுங்க. வழி நான் சொல்றேன்."