கொஞ்சம் உறைமோர்

'செண்பக நிழல்' அடுக்ககத்தில் பொழுது விடிந்ததும் முதல் குக்கர் விசில் அடிக்கும். தொடர்ந்து நாலாம் மாடியில் கடுகு தாளிக்கும் வாசனை வரும், ஏழாம் மாடியில் கணவன் மனைவி வாய்ச்சண்டை தொடங்கும், எங்கோ ஒரு குழந்தை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழும். வேலாயுதம் மூன்றாம் மாடி பால்கனியில் நின்று இதையெல்லாம் கேட்டு மகிழ்வார். தான் வாங்கிய முதல் வீடு உயிருள்ள இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். வேலாயுதம் ஐம்பது வயதுவரை இரண்டையும் பார்க்கவில்லை. கப்பல் வேலையில் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, வாடகைக்கு விடலாம் என்று இதை வாங்கினார். முதல் வீடு வாங்குகிறவர்களின் பழைய பயங்கள் பலவும் இப்போது ஒழிந்துவிட்டன. போலிப் பத்திரத்தைக் கணினியே பிடித்துவிடும். வில்லங்கம் என்ற சொல் அகராதியில் தூங்குகிறது. மிச்சம் ஒரே பயம்தான்: ஆள் வராவிட்டால்? ஏனென்றால் இப்போது விலையைச் சொல்வது இடமும் இல்லை, பரப்பும் இல்லை, புழக்கம். சுவர்களில் பதித்த புழக்கமானிகள் ஓசை, வாசனை, காலடி எல்லாவற்றையும் அளந்து தினமும் ஒரு மதிப்பு சொல்லும். மனிதர் புழங்காத வீட்டைச் சீந்துவார் இல்லை.

வேலாயுதத்தின் வீட்டுக்கு மாதக்கணக்கில் ஆள் வரவில்லை. பயந்துபோய் அவரே குடிவந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் மிஞ்சியது, தோய்க்க உறைமோர் இல்லை. சொன்னால் பறக்கும் கூடை கடைத்தயிரைக் கொண்டுவந்து தரும். ஆனால் உறைமோர் கேட்டுப் போவது நம்மவர்க்கு முகம் பார்த்துப் பேச ஒரு சாக்கு. வந்த நாளிலிருந்து அவர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பேச்சுக்கு ஏங்கிப்போயிருந்தார். டம்ளரோடு போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினார்.

"யாருங்க?" உள்ளே ஒரு பெண்குரல்.

"எதிர்வீட்டுக்காரன்மா. கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா?"

"அடடா, இப்பத்தான் தீந்துபோச்சுங்க. நாளைக்கு வாங்களேன்."

கதவு திறக்கவில்லை. மேல்மாடிக்குப் போனார். அங்கே ஒரு பெரியவரின் குரல். "அடடா, இப்பத்தான் தீந்துபோச்சு தம்பி. நாளைக்கு வாங்களேன்." அதற்கும் மேலே ஓர் இளம்பெண், அதே அடடா. வேலாயுதம் படியிலேயே உட்கார்ந்து, வீட்டை வாங்கிக்கொடுத்த ஆலோசகர் கோமளவல்லியை அலைபேசியில் அழைத்தார்.

"மேடம், இங்க மனுஷங்களே இல்லையா?"

"அது குடித்தனப்பொறி சார். ஆள் இல்லாத வீட்ல சத்தம், வாசனை, பேச்சு எல்லாம் அதுதான் போடும். புழக்கமானிக்கு அசலும் நகலும் ஒண்ணுதான். ஓனருங்க எல்லாருமே உங்களை மாதிரி முதலீடு போட்டவங்க."

"அப்ப யாருதான் குடியிருக்கா?"

"நீங்க இருக்கீங்களே சார்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க வீட்டாலதான் மொத்தக் கட்டடத்துக்கும் மதிப்பு இறங்குது. ரொம்ப அமைதியா இருக்கீங்க."

தனி ஆள் யாரோடு சண்டை போடுவார்? ஆனால் மதிப்பு இறங்கினால்? போட்டதெல்லாம் போய்விடுமே! மறுநாளே ஒரு குடித்தனப்பொறியை மாட்டிக்கொண்டார். அது அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு ஒரு மனைவியையும் உண்டாக்கியது. "காபி ஆறுது, வாங்க" என்று அவள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டதும் எழுந்து போனார். அங்கே யாரும் இல்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளும் எழுந்து போனார்.

ஒரு மாலை அவர் முகத்தில் சோப்போடு குளியலறையில் இருந்தபோது வாசல்மணி அடித்தது. பொறிகள் பேசும், தாளிக்கும், அழும். நடந்துவந்து மணி அடிக்காது. வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

"ஒன்பதாம் மாடியிலேர்ந்து வர்றேங்க. புதுசா குடிவந்திருக்கேன். கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா?"

கூடத்திலிருந்து வேலாயுதத்தின் குரலே பதில் சொன்னது. "அடடா, இப்பத்தான் தீந்துபோச்சுங்க. நாளைக்கு வாங்களேன்."

"இருக்கும்மா! இருக்கு!" என்று கத்திக்கொண்டு துண்டோடு ஓடினார். கதவைத் திறந்தபோது நடைவழி காலியாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு, கடைத்தயிரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்கு ஓடினார். அங்கே நாலு கதவுகள். ஒவ்வொரு மணியாக அழுத்தினார்.

"உறைமோர் கொண்டாந்திருக்கேம்மா. அப்ப பேசினது நான் இல்ல."

"அடடா, எங்களுக்கு வேண்டாங்க. நாளைக்கு வாங்களேன்" என்றன நாலு வீடுகளும், ஒன்றுபோலப் பணிவாக. ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் அவள் இருந்தாள். குளித்துக்கொண்டிருக்கலாம். வெளியே கேட்பதும் ஏதோ பொறி என்று நினைத்துப் பேசாமல் இருக்கலாம். வேலாயுதத்துக்கு அழுகை வந்தது.

அலைபேசி அடித்தது. கோமளவல்லி.

"சார், பிரமாதம்! ஒன்பதாம் மாடியில மணிச்சத்தம், காலடி, உங்க குரல்ல ஒருத்தர் கெஞ்சறது, எல்லாம் பதிவாயிருக்கு. மதிப்பு எகிறிடுச்சு. உங்க பொறி வெளியில நடக்கற சத்தம்கூடப் போடுதா? அசல் மனுஷன் மாதிரியே இருக்கு சார்!"

அது நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மதிப்பு இறங்கிவிடுமோ? முதல் வீடு வாங்கியவரின் பயம் அது.

"ஆமா மேடம்," என்றார் வேலாயுதம், தயிர் டம்ளரைக் கையில் பிடித்தபடி. "நல்ல பொறி."